வால்யூம் குமிழ் யார் கையில் இருக்கிறது

ஸ்பீக்கரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். டிஜே வேலை பழக வருபவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. ஸ்பீக்கர் ஏற்கெனவே போட்டிருக்க, பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரை ஆன் செய்தால் ‘டப்’ என்று ஒரு அடி விழும். கல்யாண ரிசப்ஷனில் அது ஸ்பீக்கருக்குக் கேடு, அவ்வளவுதான். ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ பணியாற்றிவிட்டுத் திரும்பியவர் நிற்கும் அறையில் அந்த ஒரு ‘டப்’ அன்றைய வகுப்பை முடித்துவிடலாம். அவர் மறுவாரம் வராமலே போகலாம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மனநலச் சிகிச்சையோடு டிஜே பயிற்சியைச் சேர்க்கும் வேலையில் பாதி இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான். பாட்டுத் தேர்வெல்லாம் அப்புறம். விசேஷங்களில் டிஜே போட்டுக் கை தேர்ந்தவர் இந்த அறைக்குள் வரும்போது பழகிய பழக்கத்தில் சரிபாதியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். கூட்டத்தைச் சூடேற்றுவது, திடீரென்று நிறுத்தி வெடிக்க விடுவது, மைக்கில் கத்துவது என்று அங்கே கைத்தட்டல் வாங்கித் தந்தவை எல்லாம் இங்கே ஆளை வெளியே ஓட வைப்பவை.

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். இசைச் சிகிச்சை வேறு, டிஜே வகுப்பு வேறு. அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளர் என்றால் அதற்கென்றே பட்டம் படித்து, 1,200 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, தேர்வெழுதிச் சான்று பெற்றவர். அந்தத் தொழில் வளர்ந்ததே படைவீரர்களின் ஆஸ்பத்திரி வார்டுகளில்தான். இரண்டு உலகப் போர்களின்போதும் அவற்றுக்குப் பிறகும் இசைக்காரர்கள் அங்கே போய் வாசித்தார்கள். நோயாளிகளிடம் மாற்றம் தெரிந்தது. ஆனால் எதை, யாருக்கு, எப்போது வாசிப்பது என்று படித்த ஆட்கள் வேண்டியிருந்தது. 1944-ல் மிச்சிகன் ஸ்டேட்டில் முதல் பட்டப்படிப்பு வந்தது. 1950-ல் தேசிய அளவில் சங்கம் அமைந்தது. இன்று முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஆஸ்பத்திரிகளிலும் பெதஸ்டாவில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையிலும் இசைச் சிகிச்சையாளர்கள் வேலை பார்க்கிறார்கள்.

டிஜே சொல்லிக்கொடுப்பவர் அந்த இடத்தில் உட்கார முடியாது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக்காயமான பிடிஎஸ்டிக்கு முன்னணிச் சிகிச்சை என்றால் ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி, இஎம்டிஆர் ஆகிய மூன்று உளவியல் சிகிச்சை முறைகளும்தான். டிஜே மேசை இவற்றுக்குப் பக்கவாத்தியம். “மாத்திரையை விட்டுவிட்டேன், இதுவே போதும்” என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் நாமும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அன்றைக்கே சிகிச்சையாளர் காதில் போட வேண்டிய செய்தி அது.

கிட்டார் இருக்கும்போது டிஜே எதற்கு என்று கேட்பார்கள். கிட்டாருக்கு நல்ல முன்மாதிரியே இருக்கிறது. மில்வாக்கியில் 2007-ல் தொடங்கிய ‘கிட்டார்ஸ் ஃபார் வெட்ஸ்’ பத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, முடித்தவருக்கு ஒரு கிட்டாரையே கையில் கொடுத்து அனுப்புகிறது. ஆனால் கிட்டாரில் முதல் நல்ல சத்தம் வர வாரக்கணக்காகும். அதற்குள் விரல்நுனி புண்ணாகும். குண்டுவெடிப்பில் விரல் போனவருக்கும் கை நடுங்குபவருக்கும் அது இன்னும் தூரம். டிஜே மேசையில் இருபதாவது நிமிடத்தில் காதுக்கு இனிமையாக ஏதோ ஒன்று வந்துவிடும். இன்னொரு வசதி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசலாம். கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவர் பேசும் பேச்சு எப்படித் தானாக வருமோ, அப்படி வரும். பேசாமலும் நிற்கலாம்.

அறை

அளவு முக்கியம். நான்கு பேர், இரண்டு கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கலக்கும் டிஜே கருவி), ஒரு டிஜே, ஒரு சிகிச்சையாளர். வாரம் ஒரு முறை, 90 நிமிடம், எட்டு வாரம். ஆறு பேரானால் காத்திருப்பவர்கள் மேசையில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்குவார்கள். அதுதான் ஆபத்து. மேசையைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டுப் போட்டு, இயக்குபவரின் முதுகு சுவர்ப் பக்கமும் முகம் வாசல் பக்கமும் இருக்கும்படி வைக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் பக்கவாட்டில் நிற்கலாம். தோளுக்கு மேலே கையை நீட்டிக் குமிழைத் திருகவே கூடாது. இது டிஜேக்களுக்கு மிகக் கஷ்டமான கட்டுப்பாடு. தப்பாகப் போகும்போது கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே நல்லது.

கதவைச் சாத்தினால் பூட்டக் கூடாது. இடையில் யாரும் கதவைத் தட்டாதபடி வெளியே ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். கலர் லைட், ஸ்ட்ரோப், புகை எதுவும் வேண்டாம். தலையில் அடிபட்டவர்களுக்குச் சிமிட்டும் வெளிச்சம் தலைவலியைக் கிளப்பும். சிலருக்கு வலிப்பு வரை போகும். பழைய ட்யூப் லைட் கண்ணடிக்கும் அறையென்றால் அதை அணைத்துவிட்டு இரண்டு மேசை விளக்கு வைத்தால் போதும். லேப்டாப் திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வைக்க வேண்டும். முதுகு சாயும் உயரமான ஸ்டூல் ஒன்று கட்டாயம். கெட்ட கனவுக்காகக் கொடுக்கும் ப்ராசோசின் மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். நின்றுகொண்டே இருந்தால் தலை சுற்றலாம்.

தரையில் ஓடும் ஒயர்களை எல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒயரைப் பார்த்தால் கல்யாண டிஜேவுக்கு ஒயர்தான் தெரியும். சாலையோரம் புதைத்த குண்டுகளைத் தேடிக் கண்ணை நட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ரோந்து போனவருக்கு அது வேறாகத் தெரியலாம்.

காது

முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் அமெரிக்காவில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். ‘டின்னிடஸ்’ என்பார்கள், காதுக்குள் ஓயாமல் ‘ஙொய்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காது மந்தமும் அந்தப் பட்டியலில் மேலேதான் இருக்கிறது. ஆகவே ஹெட்போனைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தக் காது நல்ல காது?”

வலது கைப் பழக்கமுள்ளவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடும்போது வலது காது தலையின் மறைவில் இருக்கும். இடது காது குழல்முனைப் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் பலருக்கும் இடது காதுதான் அதிகம் கெட்டிருக்கும். இங்கேதான் ஒரு சிக்கல். பல டிஜே மிக்ஸர்களில் ‘மோனோ ஸ்ப்ளிட்’ போட்டால், அடுத்து வரப்போகும் பாட்டு இடது காதிலும் அறையில் ஓடும் பாட்டு வலது காதிலும் கேட்கும். கெட்ட காதில் கேட்க வேண்டியதை வைத்துவிட்டால் என்ன நடக்கும்? கேட்கவில்லை என்று ஹெட்போன் ஒலியை ஏற்றுவார். மறுபடி ஏற்றுவார். மறுநாள் இரைச்சல் இரட்டிப்பாகும். பாட்டு அவருக்குப் பிடித்திருந்தும் இரைச்சலுக்குப் பயந்தே நின்றுவிடுவார். இதற்கு வைத்தியம் எளிது: ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டச் சொல்ல வேண்டும். அதிலும் தோது இல்லையென்றால் ஸ்ப்ளிட்டை அணைத்துவிட்டு, நல்ல காதில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஹெட்போனில் எந்தப் பாட்டு எவ்வளவு கேட்க வேண்டும் என்று வைக்கும் க்யூ மிக்ஸ் குமிழால் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

ஒரு காதைத் திறந்துவைத்துக்கொள்ளும் டிஜே வழக்கம் இவர்களுக்கு இன்னொரு விதத்திலும் ஒத்துவரும். இரண்டு காதையும் மூடினால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எப்போதும் சுற்றுமுற்றும் கவனித்தே பழகியவருக்கு அது தாங்காது. ஒரு பக்கம் திறந்திருந்தால் நிதானமாக நிற்பார். தொழில் தெரிந்த டிஜேவும் அப்படித்தான் நிற்பார் என்பதால் அதில் கூச்சமும் இல்லை.

சத்த அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 94-ல் 1 மணி, 100-ல் 15 நிமிடம். ஆனால் அது கெடாத காதுக்குப் போட்ட கணக்கு. இந்த அறையில் 70 முதல் 75 வரை போதும். குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். அளக்கும்போது ஒரு கோளாறு உண்டு. மீட்டரில் வழக்கமாக இருக்கும் ‘ஏ’ அளவீடு கீழ்ச்சுருதி ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் 72 என்று சாதுவாகச் சொல்லும். மார்பில் பேஸ் மொத்திக்கொண்டிருக்கும். காதில் கேட்பதைவிட மார்பில் விழும் அந்த அடிதான் ஹெலிகாப்டரையும் வெடியையும் நினைவூட்டுவது. ‘சி’ அளவீட்டுக்கு மாற்றியும் ஒரு முறை பார்க்க வேண்டும். சப்வூஃபர் வேண்டவே வேண்டாம். ஐந்து அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதன் பின்பக்கம் கீழ்ச்சுருதியைக் குறைக்கும் லோ-கட் சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுவிட்டால் நிம்மதி.

அதற்காக அறையை நிசப்தமாக வைப்பதும் தப்பு. நிசப்தத்தில்தான் காதிரைச்சல் ஓங்கிக் கேட்கும். ஆட்கள் உள்ளே வரும்போதே ஏதாவது ஒன்று மெலிதாக ஓடிக்கொண்டிருக்கட்டும்.

சாமான்

இரண்டு சேனல் கன்ட்ரோலர், லேப்டாப், மூடிய வகை ஹெட்போன் ஆளுக்கொன்று, ஸ்பீக்கர், பிளக் போர்டு. முடிந்தது. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ‘மிக்ஸ்’ என்றே ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பெயரில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். எந்தக் குமிழ் எதைச் செய்ய வேண்டும் என்று நாமே மாற்றி வைக்கவும் விடும். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு இது பெரிய உதவி: இரண்டாவது டெக்கின், அதாவது இரண்டாவது பாட்டு ஓடும் பக்கத்தின், ப்ளே பட்டனைக் கணினியோடு இணையும் மிடி கால்-பெடலுக்கு மாற்றிவிட்டால், ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குக் கை மீதமாகும். தட்டு சுற்றும் பழைய டர்ன்டேபிள்மேல் ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள், குறிப்பாக வயதானவர்கள். வைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் ஊசி தட்டில் விழும் சத்தமும் ஒரு ‘டப்’தான், ஃபேடரை இறக்கிவைத்த பிறகே ஊசியை வைக்கப் பழக்க வேண்டும்.

மறதி உள்ளவர்களுக்குக் குமிழ்களில் கலர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இடது டெக் முழுக்க நீலம், வலது டெக் முழுக்க மஞ்சள். பேஸ் குமிழுக்கு மட்டும் சிவப்பு. முதல் நாளில் எஃபெக்ட் பட்டன்களை எல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிடலாம். இன்னொன்று: பல மென்பொருள்களில் சின்ன ஒலித்துண்டுகளைப் போடும் சாம்ப்ளர் பட்டன்களில் சைரன், ஏர்-ஹார்ன் போன்றவற்றைக் கம்பெனியிலிருந்தே போட்டு அனுப்புவார்கள். புதியவர் கை தவறி அழுத்தும் முதல் பட்டன் அதுவாகத்தான் இருக்கும். நிறுவிய அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

முதல் கலப்பு

இரண்டு பாட்டு. இரண்டும் சொல் இல்லாதவை, டிரம்ஸ் தெளிவாக உள்ளவை. ஒன்று நிமிடத்துக்கு 100 பீட், மற்றது 98. நீல டெக்கில் 100 ஓடுகிறது. எண்ணச் சொல்ல வேண்டும்: ஒன்று இரண்டு மூன்று நான்கு. இதற்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. அணிவகுப்பில் வருடக்கணக்காக எண்ணியே நடந்தவர்கள். கால் தானாகத் தட்டும். எட்டு முறை நான்கு எண்ணினால் 32. பெரும்பாலான நடனப் பாட்டுகள் இந்த 32-ன் மடிப்பில்தான் மாறும். 100 பீட் வேகத்தில் அது 19 நொடி சொச்சம்.

மஞ்சள் டெக்கின் ஃபேடர் அடியில் கிடக்கிறது. அதன் ஒலி ஹெட்போனில் மட்டும். பாட்டு தொடங்க வேண்டிய இடமாக முதல் டிரம் அடியில் க்யூ வைத்தாயிற்று. வேகத்தை 2 சதவீதம் ஏற்றினால் 98, 100-க்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது விரல் ப்ளே பட்டன்மேல். இங்கே பெரும்பாலும் நடப்பது: ‘ஒன்று’ என்று கேட்ட பிறகு அழுத்துகிறார், அரை நொடி பிந்துகிறது. ‘நான்கு’ முடியும்போதே விரல் இறங்கத் தொடங்க வேண்டும். இரண்டு டிரம்மும் ஒட்டாமல் போனால் ‘தடக் தடக்’ என்று குதிரை ஓடுவது போலக் கேட்கும். அது ஹெட்போனுக்குள்ளேயே ஓடட்டும். இரண்டும் ஒட்டும் வரை ஃபேடரை ஏற்றக் கூடாது. அறைக்குக் குதிரைச் சத்தம் வராமல் இருந்தால் வெட்கமும் இல்லை, திடுக்கிடலும் இல்லை.

டெக்கில் உள்ள வட்டச் சக்கரமான ஜாக் வீலின் ஓரத்தை ஒரு விரலால் மெல்ல முன்னால் தள்ள வேண்டும், கேரம் காயைத் தொட்டு நகர்த்துவது போல. தள்ளியதும் குதிரை நின்று இரண்டு அடியும் ஒரே அடியாகிவிடும். அந்த நொடியில் தோள் இறங்குவதைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கலாம். இரண்டு கை, ஒரு காது, ஒரு எண்ணிக்கை. எல்லாம் ஒரே வேலையில் நிற்கும்போது மனத்தில் வேறு எதற்கும் இடம் குறைவு.

பிறகு மஞ்சளின் பேஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருகி வைத்துக்கொண்டு ஃபேடரை 32 எண்ணிக்கைக்குள் ஏற்ற வேண்டும். அடுத்த ‘ஒன்று’ வரும்போது நீலத்தின் பேஸை இறக்கி மஞ்சளின் பேஸை ஏற்ற வேண்டும். இரண்டு பேஸும் ஒன்றாக ஓடினால் அறை அதிரும். நீல ஃபேடர் அடுத்த 32-ல் இறங்கும். முடிந்தது.

சிங்க் பட்டன் இரண்டு பாட்டின் வேகத்தையும் அடியையும் தானே பொருத்திவிடும். அதைக் கேவலமாகப் பேசும் டிஜேக்கள் உண்டு. அவர்களை இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம். மூளையில் அடிபட்டவருக்கு முதல் வாரம் சிங்க் போட்டே தொடங்கலாம். மூன்றாம் வாரம் அவராகவே அதை அணைத்துப் பார்க்கிறேன் என்பார். என்னாவிட்டாலும் பாதகம் இல்லை.

வேகத்தை இறக்கும் வித்தை

இசைச் சிகிச்சையில் ‘ஐசோ’ என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. 1940-களில் மிச்சிகனில் வேலை பார்த்த மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் வகுத்தது. ஆள் இருக்கும் நிலைக்குப் பொருந்தும் இசையில் தொடங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய நிலைக்கு நகர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். டிஜே இரவெல்லாம் செய்வதும் இதைத்தான். பெயர் மட்டும் வைக்கவில்லை. டிஜே மேசையை இந்தச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதற்கு வலுவான காரணம் எது என்றால் இதைச் சொல்லலாம். ஐசோவைப் பிறர் நமக்குச் செய்தால் அது வைத்தியம். தன் கையாலேயே செய்யப் பழகிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் உதவும்.

படபடப்போடு வருபவருக்குப் புல்லாங்குழலும் கடல் அலையும் போட்டால் எரிச்சல்தான் வரும். அவர் உள்ளே 124-ல் ஓடிக்கொண்டிருக்கிறார். 124-லேயே தொடங்க வேண்டும். பிறகு 118, 112, 106, 100, 94, 88, 82, 76, 72 என்று பத்துப் பாட்டு. ஒவ்வொன்றும் மூன்றரை நிமிடம் என்றால் 35 நிமிடம். ஒவ்வொரு படியும் 5 முதல் 7 சதவீத இறக்கம். சாதாரண டெம்போ ஸ்லைடர் மேலும் கீழும் 8 சதவீதம் போகும் என்பதால் எந்தப் படியும் கைக்கு எட்டும். செய்முறை இது: 118 ஓடும்போது அடுத்த பாட்டின் சொந்த வேகம் 112 என்றால், அதை 5.4 சதவீதம் ஏற்றி 118 ஆக்கிக் கலக்க வேண்டும். பழைய பாட்டு வெளியேறிய பிறகு, ஸ்லைடரை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்லச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்தது போல இழுக்கும். கீ-லாக் போட்டால் சுருதி மாறாது. அதை மறப்பவர்கள் அதிகம்.

இதில் கஷ்டமான இடம் 94-க்கும் 82-க்கும் இடையில். அந்த வேகத்தில் பலரிடமும் பாட்டே இருக்காது, அல்லது இருப்பதெல்லாம் சோகப் பாட்டாக இருக்கும். குறுக்குவழி ஒன்று உண்டு. 176 பீட் பாட்டில் டிரம் அரை வேகத்தில் விழும்படி அமைந்தவை 88 போலவே கேட்கும். அவற்றைத் தேடிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

72-க்கு வந்துவிட்டால் மூச்சைச் சேர்க்கலாம். நான்கு பீட் உள்ளே, எட்டு பீட் வெளியே. 12 பீட் என்பது சரியாக 10 நொடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. எட்டு பீட் வெளியே விட முடியாதவர் நான்குக்கு நான்கே விடட்டும், நிமிடத்துக்கு ஒன்பது வரும், அதுவும் போதும். மூச்சைப் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டாம். அது சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும்.

எல்லோரும் 124-ல் வருவதில்லை. சிலர் மரத்துப்போய் வருவார்கள். கேட்டால் ஒரு வார்த்தை, கண் எங்கோ. அவருக்கு இறக்குவது தப்பு. 65-ல் தொடங்கி 95 வரை ஏற்ற வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துச் சொல்வது சிகிச்சையாளர் வேலை. டிஜே யூகித்து ஏறக்குறையப் பொருத்தினாலும் தப்பாகும் நாள் வரும்.

பாட்டுப் பட்டியல்

மூன்று தாள். ‘எப்போதும் சரி’, ‘இங்கே மட்டும், இப்போது மட்டும்’, ‘வேண்டாம்’. மூன்றாவது தாளில் இருக்கும் பாட்டு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. களத்தில் இருந்தபோது வண்டியில் கேட்ட பாட்டுகள் பெரும்பாலும் இரண்டாவது தாளில் வந்து நிற்கும். அவை இரண்டு பக்கமும் கூரானவை: தோழர்களின் முகத்தையும் கொண்டுவரும், அவர்கள் போன விதத்தையும் கொண்டுவரும். அவற்றைத் தனி அமர்வில் சிகிச்சையாளர் எடுக்கட்டும். நான்கு பேர் நிற்கும் மேசையில் ஒருவரின் பாட்டு இன்னொருவரின் ‘வேண்டாம்’ ஆகவும் இருக்கலாம். தாள்களை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எந்தப் பாட்டையும் முழுக்கக் கேட்காமல் அறையில் போடக் கூடாது. ஹிப்-ஹாப்பில் துப்பாக்கிச் சத்தம் தாளக்கருவி போலவே ஒளிந்திருக்கும். சைரன், ஹெலிகாப்டர் இறக்கை, ரேடியோ கரகரப்பு, கண்ணாடி உடைவது, குழந்தை வீரிடுவது எல்லாவற்றுக்கும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அரபு மொழிக் குரல்கள் சிலரைத் திரும்ப அங்கே கொண்டுபோய்விடும். அது மொழியின் குற்றம் இல்லை, நினைவு அதோடு ஒட்டிக்கொண்டது.

மிக மோசமானது நடனப் பாட்டின் ‘டிராப்’. விசில் போல ஒரு ஒலி மேலே மேலே ஏறும், பிறகு ஒரு நொடி மௌனம், அப்புறம் பேஸ் இடி. மோர்ட்டார் குண்டு வந்து விழுவதை அது நினைவூட்டிவிடலாம். அந்தப் பாட்டையே தள்ளிவைக்க வேண்டும் என்பதில்லை. டிராப்புக்கு 16 பீட் முன்னால் ஒரு லூப் போட்டு, அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதிலிருந்தே அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். நான்கைந்து வாரம் கழித்துச் சிலர், “டிராப்பை நானே விடுகிறேன்” என்பார்கள். எப்போது வரும் என்று தெரிந்து, தன் விரலால் தானே விடும் இடிக்கும் தெரியாமல் வரும் இடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து சரி என்றால் விடட்டும். மற்ற மூவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உறைந்துவிட்டால்

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒரு நாள் ஒருவர் உறைந்து நிற்பார். கை ஃபேடரில் இருக்கும், பார்வை இருக்காது. பாட்டைப் பட்டென்று நிறுத்தக் கூடாது. திடீர் மௌனமும் ஓர் எச்சரிக்கைதான். ஐந்து நொடியில் ஃபேடரை இறக்க வேண்டும். பின்னாலிருந்து தொடவே கூடாது. முன்னால், இரண்டு கை தூரத்தில், அவர் கண்ணில் படும்படி நின்று பெயரைச் சொல்லி, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். உள்ளங்கையை மேசையில் பதிக்கச் சொல்லலாம். மேசையின் குளிர்ச்சி தெரிகிறதா, பாதம் தரையில் இருக்கிறதா என்று கேட்கலாம். என்ன ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்க வேண்டாம். தெளிந்ததும் வால்யூம் குமிழைக் காட்டி, “உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ வையுங்கள்” என்று விட வேண்டும். சுழியத்தில் வைத்துவிட்டு வெளியே போனாலும் சரி. சிகிச்சையாளர் கூடப் போவார், வகுப்பு மெல்ல தொடரட்டும்.

அன்றிரவு தூக்கம் கெடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மறுநாள் ஒரு போன். பேச்சில் உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைபடுவதில்லை. அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு டெலி-மானஸ் எண் 14416. அமெரிக்காவில் வீட்டில் துப்பாக்கி இருப்பது சகஜம் என்பதால், அந்தப் பேச்சை டிஜே தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அதே மணி நேரத்தில் சிகிச்சையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்கப் பிசிஎல்-5 என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. 0 முதல் 80 வரை மதிப்பெண். அதைச் சிகிச்சையாளர் நிரப்பவைப்பார். டிஜே தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை வேறு: இன்று எந்த வேகத்தில் தொடங்கினார், எதில் முடித்தார், எந்தப் பாட்டில் கை நின்றது, ஒலியை எங்கே வைத்தார்.

எட்டாவது வாரம் கச்சேரி வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் நிச்சயம் கேட்பார்கள். மேடை, விளக்கு, கைத்தட்டல், போட்டோ. விருப்பப்பட்டவர் மட்டும், வீட்டாரில் இரண்டு மூன்று பேர் முன்னால், பகல் நேரத்தில், அதே அறையில் வைத்துக்கொள்ளட்டும். வீடியோ எடுத்துப் போடுவதற்கு அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். கொடுத்துவிட்டு மறுவாரம் வேண்டாம் என்றாலும் போட்டதை நீக்கிவிட வேண்டும். முதல் நாள், “உங்கள் சேவைக்கு நன்றி” என்று ஆரம்பிப்பதைப் பற்றியும் இதே எச்சரிக்கை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் உண்டு. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அப்படிக் கூப்பிட்டால் போதும்.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வரும் வாரத்தில் மாலை வகுப்பு கூடாது. அமெரிக்கா முழுக்க வாணவேடிக்கை. அதுவும் அறிவித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் தெருவில் எவனாவது வெடிப்பான். அதற்கு முந்தைய வாரமே அந்த ராத்திரிக்கென்று ஒரு மணி நேரக் கலப்பை அவரவர் கையால் தயாரித்துப் பதிவுசெய்துகொள்ளலாம். டிரம் சீராக, டிராப் இல்லாமல், 100-ல் தொடங்கி 72 வரை. வெடிச் சத்தம் உள்ளே வந்தால் அதை மூடும் அளவுக்குப் பாட்டில் நடுச்சுருதி அடர்த்தியாக இருக்கட்டும். மெல்லிய பியானோ உதவாது. யுஎஸ்பி குச்சியில் ஒன்று, போனில் ஒன்று. இன்டர்நெட்டை நம்பி வைக்க வேண்டாம், விளம்பரம் குறுக்கே வந்து கத்தும்.